முப்பது நாற்காலிகள் போதும்: அமெரிக்கத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனிக்கு வடக்கே சரடோகா ஸ்பிரிங்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. குதிரைப் பந்தயத்துக்கும் கனிம நீரூற்றுகளுக்கும் பேர்போன ஊர். அங்கே ஃபைலா தெருவில் 47ஆம் எண் கட்டடத்தின் மாடியில், 1960 மே மாதம் திறந்த சின்ன காபிக்கடை ஒன்று இன்றும் நடக்கிறது. பெயர் காஃபே லீனா. அமெரிக்காவில் விடாமல் நடந்துவரும் நாட்டுப்பாடல் காபிக்கடைகளில் இதுதான் மிகப் பழையது என்று பரவலாகச் சொல்கிறார்கள். நான் இந்த வட்டாரத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து அங்கே போய்வருகிறேன். அந்தக் கடையின் கதையைச் சொல்லிவிட்டு, உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல்.

1950களின் கடைசியில் அமெரிக்காவில் நாட்டுப்பாடல் மோகம் பரவியபோது, பாடகர்களுக்குக் கிடைத்த மேடை காபிக்கடைதான். மது கிடையாது, அதனால் கல்லூரிப் பிள்ளைகளும் வரலாம். ஒரு காபியை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கலாம். சுரங்கத் தொழிலாளியின் பாட்டு, அப்பலாச்சிய மலைக்கிராமத்துக் கதைப்பாடல், தெற்கிலிருந்த கறுப்பின மக்களின் புளூஸ் எல்லாம் நகரத்துக் காதுகளுக்கு வந்து சேர்ந்தது இப்படிப்பட்ட அறைகள் வழியாகத்தான். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் கிளப் 47 என்ற கடை 1958இல் திறந்தது. நியூயார்க் நகரத்து மக்டூகல் தெருவில் கேஸ்லைட் என்ற கடை இருந்தது. பிறகு ராக் இசை வந்து கூட்டத்தை அள்ளிக்கொண்டு போனது. கிளப் 47 பத்தே வருடத்தில் மூடியது, அந்த இடம் வேறு பெயரில் பிழைத்தது. கேஸ்லைட்டும் 1970களின் தொடக்கத்தில் போய்விட்டது. காஃபே லீனா மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

கடையைத் தொடங்கிய லீனா ஸ்பென்சர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மில்ஃபோர்டில் ஓர் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் பில் சிற்பி. இரண்டு பேரும் போட்ட கணக்கு எளிமையானது: கல்லூரி இருக்கிற ஊரில் ஒரு காபிக்கடை போடுவது, சில வருடம் நடத்திப் பணம் சேர்ப்பது, பிறகு ஐரோப்பாவுக்குப் போய்க் கலையோடு வாழ்வது. மரவேலைப் பட்டறையாக இருந்த ஒரு மாடியைப் பிடித்துத் தாங்களே சரிசெய்தார்கள். முதலில் வந்து பாடியவர் ஜாக்கி வாஷிங்டன் என்ற பாஸ்டன் இளைஞர்.

பணம் சேரவில்லை. சில வருடங்களில் பில் இன்னொரு பெண்ணோடு ஊரை விட்டே போய்விட்டார். கையில் இருந்தது வாடகை பாக்கியும் ஓர் அறையும். லீனா கடையை மூடவில்லை. இங்கேதான் எனக்கு அவர் மேல் மரியாதை தொடங்குகிறது. அவர் பாடகி இல்லை, நாட்டுப்பாடலில் பெரிய படிப்பாளியும் இல்லை. நாடகத்தில் ஆசை உள்ளவர். ஆனால் அந்தக் கதவைத் திறந்து வைப்பதைத் தன் வாழ்க்கையாகவே எடுத்துக்கொண்டார்.

1961இல் இருபது வயதுப் பையன் ஒருவன் அங்கே பாட வந்தான். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பாடகர் பாப் டிலன்தான் அவன். அன்றைக்குக் கூட்டம் அவனைக் கண்டுகொள்ளாமல் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தது. அப்போது கடையில் இருந்த பில், கூட்டத்தைப் பார்த்து அமைதியாக இருக்கச் சொன்னதாக அங்கே இன்றும் சொல்வார்கள். டிலன் பாடிய இடம் என்று அந்தக் கடைக்குப் பெருமை சேர்க்கிறவர்கள் நிறையப் பேர். பேர் தெரியாத ஒரு பையனுக்காகக் கடைக்காரர் கூட்டத்தை அடக்கினார் பாருங்கள், எனக்குப் பெருமையாகத் தெரிவது அதுதான்.

நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது ரோசலி சோரல்ஸைத்தான். ஐடஹோவில் பிறந்தவர், அமெரிக்காவின் மேற்குப் பகுதி நாட்டுப்பாடல்களைத் தேடித்தேடிச் சேர்த்த பாடகி. 1960களின் நடுவில் கணவரைப் பிரிந்து, ஐந்து பிள்ளைகளோடு சால்ட் லேக் சிட்டியை விட்டுக் கிளம்பினார். அவருக்கு இடம் கொடுத்தவர் லீனா. சில வருடம் கழித்து யூட்டா பிலிப்ஸ் என்ற பாடகர் வந்தார். 1968இல் வியட்நாம் போருக்கு எதிரான சிறு கட்சி ஒன்றின் சார்பில் செனட் தேர்தலில் நின்றதால் யூட்டா மாநிலத்தில் வேலை கிடைக்காமல் போனவர். ரயில் தொழிலாளிகள், நாடோடிகள், தொழிற்சங்கம் இவற்றைப் பற்றிப் பாடுகிறவர். அவருக்கும் காஃபே லீனாதான் வீடு மாதிரி ஆனது. பாட வருகிறவர்களுக்கு லீனா பெரிய தொகை கொடுத்ததில்லை, கொடுக்க அவரிடம் இருந்ததும் இல்லை. சோறு போட்டார், தன் வீட்டில் படுக்க இடம் கொடுத்தார். அவர் வீட்டுப் பூனைகளுக்கு நடுவே தூங்கி எழுந்த பாடகர்கள் எத்தனையோ பேர்.

பணத்துக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். கடை மூடும் நிலைக்கு வந்தபோதெல்லாம் பாடகர்களே திரும்பி வந்து நிதிக்காகப் பாடினார்கள். 1966இல் அதே ஊரில் ஆயிரக்கணக்கானோர் உட்காரும் கோடைக்கால அரங்கம் ஒன்று திறந்தது. பிலடெல்பியா இசைக்குழு, நியூயார்க் நகர பாலே எல்லாம் அங்கே வந்தன. மாடியில் இருந்த அறை அதனால் அழிந்துவிடவில்லை. இரண்டுக்கும் வேலை வேறு.

1989 இலையுதிர் காலத்தில் லீனா அந்தக் கடையின் மாடிப்படியில் தவறி விழுந்தார். அக்டோபரில் இறந்துபோனார், வயது 66. தனி மனிதர் ஒருவர் சுமந்த காரியம் பொதுவாக இந்த இடத்தில் முடிந்துவிடும். இங்கே முடியவில்லை. அங்கே வழக்கமாக வந்து உட்கார்ந்தவர்கள், காபி ஊற்றிக் கொடுத்தவர்கள், பாத்திரம் கழுவியவர்கள் கூடி அதை லாப நோக்கமற்ற அமைப்பாக மாற்றினார்கள். பிறகு கட்டடத்தையும் வாங்கினார்கள். 2016இல் பழைய கட்டடத்தைச் செப்பனிட்டு லிஃப்ட் வைத்தார்கள். லீனா விழுந்த கடைக்கு இனி முழங்கால் வலிக்காரர்களும் சக்கர நாற்காலிக்காரர்களும் சிரமப்படாமல் வரலாம். இப்போதும் நூற்றுப்பத்து இருக்கைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஊர்க் கல்லூரியில் படித்த ஜோசலின் ஆரெம் என்ற மாணவி, லீனா விட்டுப்போன காகிதங்களையும் படங்களையும் 2000களின் தொடக்கத்தில் தேட ஆரம்பித்தார். ஒலிநாடாக்கள் வந்தன. ஜோ ஆல்ப்பர் என்ற புகைப்படக்காரர் தொடக்க காலத்தில் எடுத்த படங்கள் இருந்தன. 2013இல் அது ஒரு புத்தகமாகவும், 1967 முதலான பதிவுகளைக் கொண்ட மூன்று இசைத்தட்டுகளாகவும் வெளிவந்தது. பதிவு செய்தவர்கள் செய்யாமல் விட்டிருந்தால் அந்த ராத்திரிகள் எல்லாம் காற்றோடு போயிருக்கும்.

சரி, இப்போது நமக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் வேறொரு மாநிலத்தில் இருந்தோம். அங்கே ஒரு பொங்கல் விழா, பள்ளி அரங்கம், அறுநூறு பேர். ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா நடவுப் பாட்டு பாட ஒப்புக்கொண்டார். தஞ்சாவூர்ப் பக்கத்தில் அவரே நடவுக்குப் போன காலத்தில், வரப்பில் நின்ற பெரியம்மாவிடம் கேட்டுக் கற்ற பாட்டு. மூன்று நிமிடம் கொடுத்தார்கள். முன்னாலும் பின்னாலும் கரோக்கியில் சினிமாப் பாட்டு. அம்மா பாடும்போது பின்வரிசையில் சாப்பாட்டு டோக்கன் பற்றிப் பேச்சு, முன்வரிசையில் சிறப்பு விருந்தினரோடு செல்ஃபி. இரண்டாவது நிமிடத்தில் அம்மா தானாகவே நிறுத்திக்கொண்டு கும்பிட்டுவிட்டு இறங்கினார். பொன்னாடை போர்த்தினார்கள். அதை அவர் இன்றுவரை பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

அந்த விழாவை நடத்தியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆறு மாதம் தூக்கம் கெட்டு உழைத்தவர்கள் அவர்கள். ஆனால் அறுநூறு பேர் கூடும் அரங்கம் நடவுப் பாட்டுக்கான இடம் இல்லை. அதற்கு வேறு அறை வேண்டும். போன கோடையில் அம்மாவைக் காஃபே லீனாவில் யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடும் திங்கட்கிழமைத் திறந்த மேடைக்குக் கூட்டிப் போனேன், கேட்கத்தான். ஒரு வயதான மனிதர் கை நடுங்க பாஞ்சோ வாசித்தார், இரண்டு இடத்தில் தவறினார். ஒருவரும் அசையவில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. வெளியே வந்ததும் கேட்டார்: "நம்ம ஆளுங்ககிட்ட இந்த மாதிரி இடம் இல்லையாப்பா?"

அந்தக் கேள்வியை உங்களிடம் தருகிறேன்.

விழாக்களை நிறுத்தச் சொல்லவில்லை. மாதம் ஒரு மாலை, அதே கிழமை, அதே இடம். நூலகத்தின் சிறு கூடம் போதும், முப்பது நாற்காலி போதும். சிறப்பு விருந்தினர் வேண்டாம், பொன்னாடை வேண்டாம், பின்னணி இசைத் தடம் வேண்டாம். பிள்ளைகளைப் பார்க்க விமானம் ஏறி வரும் பாட்டிகளிடம் தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் இருக்கின்றன, ஆறு மாதம் தங்கிவிட்டு அவர்கள் அவற்றோடு திரும்பிப் போய்விடுகிறார்கள். அவர்களைக் கேளுங்கள். மட்டக்களப்பிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்தவர்களிடம் கூத்துப் பாட்டு இருக்கும், அவர்களையும் கேளுங்கள். இசைவு வாங்கிப் பதிவு செய்யுங்கள். யார் பாடியது, எந்த ஊர், யாரிடம் கற்றது என்று எழுதி வையுங்கள். ஊரிலிருந்து பறைக் கலைஞரையோ கூத்துக் கலைஞரையோ வரவழைத்தால் விழா முடிந்த மறுநாளே விமானம் ஏற்றிவிடாதீர்கள். ஒரு வாரம் யாராவது வீட்டில் தங்கட்டும், நம் ரசம் சாப்பிடட்டும், அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து நிதானமாகப் பாடட்டும்.

இதற்கு முதலில் தேவை பணம் இல்லை. மழையோ பனியோ, வருகிறவர்கள் ஐந்து பேரோ ஐம்பது பேரோ, அந்த மாலையில் கதவைத் திறக்கிற ஓர் ஆள் தேவை. லீனா அதைத்தான் இருபத்தொன்பது வருடம் செய்தார்.

எங்கள் ஊரில் அந்த ஆளாக இருக்க நான் தயார். நாற்காலி போடுவதும், ஃபில்டர் காபியும் சுண்டலும் என் பொறுப்பு. கூடத்துக்குச் சங்கத்தின் பெயரில் அனுமதிக் கடிதம் மட்டும் வேண்டும். அம்மா ஜூன் மாதம் மறுபடி வருகிறார். அதற்குள் ஒரு சனிக்கிழமையைக் குறித்துச் சொல்லுங்கள், அந்த நடவுப் பாட்டு முழுசாகப் பாடினால் பதினைந்து நிமிடம் வரும்.

அன்புடன்,
ஆல்பனி வட்டாரத்துத் தமிழர் ஒருவர்