நிக்கோபாரிகள் ஜாரவாக்கள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் அந்தமான் நிக்கோபார் தீவு மக்களின் தாய்வழி டிஎன்ஏ பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாக. இரண்டாம் முறை, கண்ணில் பட்டது நிஜம்தானா என்று பார்க்க. "ஓங்கே, ஜாரவா, சென்டினலீஸ், நிக்கோபாரி எல்லோரும் ஆப்பிரிக்காவிலிருந்து நேரே வந்த ஒரே தாயின் பிள்ளைகள் என்று நிரூபணமாகிவிட்டது" என்று போட்டிருக்கிறீர்கள். முதல் மூவர் அந்தமான்காரர்கள், நிக்கோபாரிகள் தெற்கே வேறு தீவுக்காரர்கள். அது போகட்டும், சென்டினலீஸ் வாழும், வெளியாளை அண்டவிடாத வடக்கு சென்டினல் தீவில் இறங்கி ரத்தம் எடுத்துவந்த மகராசன் யாரென்று சொன்னால் நானும் ஒரு கும்பிடு போடுவேன். நானும் ரத்தம் எடுத்தவள்தான். கார் நிக்கோபாரில் ஒன்பது வருடம் நர்ஸாக இருந்தேன்.

ஹைதராபாத்தின் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்து விஞ்ஞானிகளின் 2005ஆம் வருட ஆய்வு உங்களுக்குத் தெரியாததல்ல. ஓங்கே, கிரேட் அந்தமானீஸ் என்ற அந்தமான் மக்களின் மைட்டோகாண்ட்ரியாவில், அதாவது அம்மா வழியாக மட்டுமே வரும் டிஎன்ஏவில், எம்31, எம்32 என்ற பழைய வம்சக் கிளைகளைக் கண்டார்கள். நிக்கோபாரிகள் தென்கிழக்கு ஆசியர்களுக்கு நெருக்கம் என்று சொன்னதும் அதே ஆய்வுதான். உங்கள் கட்டுரையாளர் பாதிப் பந்தியில் எழுந்துவிட்டார் போலிருக்கிறது. 'நிரூபணம்' என்ற பேச்சும் அப்படித்தான். எம்31இன் உறவுக் கிளை பெருநிலத்தில் வடகிழக்குப் பக்கத்து ராஜ்பன்ஷி இன மக்களிடமும் இருக்கிறது, அந்தமான் குடியேற்றம் அவ்வளவு பழையதாக இருக்கத் தேவையில்லை என்று 2006லேயே எதிர்வாதம் வந்துவிட்டது.

அப்புறம், தாய்வழி என்பது அம்மா, அவர் அம்மா, அவருக்கும் அம்மா என்று போகிற ஒற்றை நூல். பத்துத் தலைமுறைக்கு முன் நமக்கு 1,024 இடங்களில் முன்னோர். இந்த நூல் தொடுவது அதில் ஒரே ஒருத்தியை. என்னை வளர்த்தது அப்பத்தா. மூக்கு முழி எல்லாம் அவர் சாயல்தான் என்பார்கள். இந்தக் கணக்கில் அவருக்கு இடமே இல்லை.

மலாக்கா கிராமத்துக் கிழவி ஒருவர், நான் ஊசி போடப் போனால் சும்மா அனுப்பமாட்டார். அவித்த தாழம்பழத்தைச் சிப்பியால் சுரண்டி, நாரெல்லாம் எடுத்துவிட்டு, மஞ்சள் களியாக இலையில் வைத்துத் தருவார். அவர் பேசிய மொழி கம்போடியாவின் கெமர் மொழிக்குத் தூரத்துச் சொந்தம். ஓங்கேக்களின் பேச்சுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இரு கூட்டத்துக்கும் நடுவில் பத்து டிகிரி கால்வாய், சுமார் 150 கிலோமீட்டர் கடல். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி எழுதியவருக்கே நிக்கோபாருக்கு 'மாநக்கவாரம்' என்று தனியாகப் பெயர் சொல்லத் தெரிந்திருந்தது.

இது உங்களுக்குப் புதிதுமில்லை. சுனாமி சமயத்தில் "அந்தமானிலுள்ள கார் நிக்கோபார்" என்றே நான்கு வாரம் எழுதினீர்கள். எனக்குத் தெரிந்தவர்கள் பலர் அந்த அலையில் போயிருந்தார்கள். அழுதுகொண்டே உங்களுக்குக் கடிதம் எழுதினேன். அது வரவில்லை, அந்த இடத்தில் யார் வீட்டுப் பூனையோ குட்டி போட்ட கதை வந்திருந்தது. சரி, இடப் பற்றாக்குறை. இன்றைக்கும் கல்யாண வீட்டில் "அங்கே மனுஷனைத் தின்பார்களாமே?" என்று என்னைக் கேட்கிறார்கள். உங்கள் வாசகர்கள்தான்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கட்டுரையோடு போட்ட படத்தில் கால்நட்டு நிற்பது நிக்கோபாரின் வட்டக் குடில். அதன் கீழே 'ஜாரவா குடிசை' என்று இருக்கிறது. இணையப் பதிப்பிலாவது அந்த இரண்டு சொல்லை மாற்றிவிடுங்கள்.

தங்கள் பழைய சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற செவிலியர்,
ராமநாதபுரம்