யானையும் சிமெண்டும்

அன்புள்ள சேகர்,

உன் படங்கள் வந்து மூன்று வாரம் ஆகிறது. திட்டுவதானால் என்னோடு திட்டு, பரமு அண்ணனிடம் போட்டுக் கொடுத்துவிடாதே. இங்கே எல்லோரும் நலம்.

ரோமுக்குப் பக்கத்துப் பழைய துறைமுகமான ஒஸ்தியாவில் நாடகக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் அந்த வணிகச் சதுக்கத்தில் அறுபது சொச்சம் அறைகள் இருக்கின்றன. கப்பல், கலங்கரை விளக்கம், தானியம் அளக்கும் மரக்கால், ஊர்ப்பெயர் எழுத்துகள் என்று பொடிக்கல் பதித்த மொசைக் தளமெல்லாம் கதை. நீயோ வட ஆப்பிரிக்காவின் சப்ரதா ஊர்க்காரர்களின் யானையையே பதினோரு தடவை எடுத்திருக்கிறாய். நீ திருந்தமாட்டாய்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். 1,800 வருஷம் கிடந்த தளம் இப்போது ஏன் உப்புகிறது? கிடந்தது கல் மட்டும்தானப்பா. அடிப்படுக்கை போன நூற்றாண்டுடையதாகவும் இருக்கலாம்.

தளம் போட ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ் சொல்லும் கணக்கு இது: அடியில் கைப்பிடி அளவு கல். அதன்மேல் மூன்று பங்கு ஜல்லிக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, இடித்து இறுக்கியபின் முக்கால் அடி கனம். அதற்கும் மேல் ஓட்டுத்தூள் மூன்றுக்குச் சுண்ணாம்பு ஒன்று, ஆறு விரற்கடை. நம் சுர்க்கியேதான். நிஜத்தில் அந்த ஊர்க் கொத்தனார்கள் இதைவிட மெலிசாகப் போட்டுவிட்டுப் போன தளங்கள் நிறைய. (மேஸ்திரிகள் எங்கேயும் மேஸ்திரிகள்தான்.)

போன நூற்றாண்டில் பழுதுபார்க்க வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தளத்தின் முகத்தில் பசை தடவித் துணி ஒட்டி, துண்டு துண்டாகப் பெயர்த்து, கவிழ்த்துப் போட்டு, முதுகிலிருந்த பழைய சுண்ணாம்பைச் சுரண்டி எறிந்தார்கள். கம்பி கட்டி சிமெண்டு வார்த்து மறுபடி பதித்தார்கள். மழைத்தண்ணீர் இறங்கினால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், சிமெண்டு பிளக்கும், மேலே கல் எகிறும். சிமெண்டின் உப்பும் இடுக்குகளில் பூக்கும். கலவை கல்லைவிடக் கெட்டியாக இருப்பதால் உடைவது கலவையில்லை, கல்லின் விளிம்பு. சுரண்டி எறிந்த சுண்ணாம்போடு, பதித்தவன் படுக்கையில் கீறியிருந்த அளவுக்கோடுகளும் போயின. எனக்கு ஆறாதது அதுதான்.

பழைய படுக்கை மிஞ்சியிருக்கும் இடத்தில் பெயர்க்கவே கூடாது. விரல் முட்டியால் தட்டிப்பார். டொக்கென்று வெற்றுச்சத்தம் வரும் இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொள். கல் விழுந்த ஓட்டை வழியாக முதலில் தண்ணீர் விட்டுத் தூசியைக் கழுவி, பிறகு நீரில் இறுகும் சுண்ணாம்பைத் தண்ணியாகக் கரைத்து ஊசியால் ஏற்றி, மேலே மணல்மூட்டை வைக்க வேண்டும். உடைந்த ஓரத்துக்குச் சுண்ணாம்பு-மணல் கரை கட்டு. கல்மட்டத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழேயே நிறுத்து. ஈரத்துணி போட்டு மூடிவை, காயவிட்டால் வெடிக்கும். செடியைப் பிடுங்காதே, வேரோடு பத்துக் கல் வந்துவிடும், அடியோடு வெட்டு. மழைக்காலத்துக்குப் பிளாஸ்டிக் தாள் போடுவது மாபாவம். உள்ளே வியர்த்து உப்பை மேலே இழுக்கும். நீர் புகும் துணியும் மணலும் போதும்.

கல் போன இடத்தில் வெறும் கலவை பூசிய அந்தச் சாம்பல் திட்டு அசிங்கமாக இருக்கிறது என்கிறாய். இருந்துவிட்டுப் போகட்டும்! எழுத்து போன இடத்தில் நாமாக ஊகித்து ஓர் எழுத்தைப் பதித்தால், நாளைக்கு அதைப் படிக்கிறவன் ஊர்ப்பெயரையே மாற்றிப் படிப்பான். அந்தக்காலத்திலேயே காலடி தேய்ந்து, பொருந்தாத கல்லால் ஒட்டுப்போட்டிருந்தால் அதிலும் கைவைக்கக் கூடாது. அதுவும் அவர்கள் வரவுசெலவுதான்.

யானை போதும். உப்பிய அந்த மூலையைச் சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்தனுப்பு.

உன்,
வேலு