வெடித்தாலும் கைதட்டுகிறார்களே என்று கேட்டாய்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து கொஞ்ச நாளாகிவிட்டது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு படிக்கவும் எழுதவும் டாக்டர் விடவில்லை, அதனால்தான் தாமதம். இப்போது பரவாயில்லை. ஆபரேஷன் செய்த கண்ணில் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது, செய்யாத கண்ணில் அதே வெள்ளை பழுப்பாகத் தெரிகிறது. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்து வீட்டில் எல்லோரையும் படுத்திக்கொண்டிருக்கிறேன். சின்னவள் வேலை மாறிவிட்டாள். சம்பளம் கூடுதல், தூக்கம் குறைவு. நீ பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிட்டதாகத் தங்கச்சி போனில் சொன்னாள். முட்டி உன்னுடையது, வலியும் உன்னுடையது, நான் என்ன சொல்ல.

இனி, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ராக்கெட்டைப் பற்றிய உன் கோபத்துக்கு வருகிறேன். "நான் ஆயுசு முழுக்க பிரஷர் வெசலுக்கு (அழுத்தக் கலனுக்கு) டெஸ்ட் போட்டுக் கையெழுத்து வைத்தவன். என் ஷாப்பில் ஒன்று வெடித்திருந்தால் மறுநாளே விசாரணை. இவர்கள் ஸ்டார்ஷிப் வெடித்ததும் கைதட்டி, டேட்டா கிடைத்தது என்கிறார்கள். யாரை ஏமாற்றுகிறார்கள்?" என்று எழுதியிருந்தாய். நிலவுக்கு ஆள் அனுப்பிய சாட்டர்ன் 5 ஒரு தடவைகூட வெடிக்கவில்லையே என்றும் குத்தியிருந்தாய்.

சாட்டர்ன் விஷயம் சரிதான். 1967 முதல் 1973 வரை 13 முறை ஏவினார்கள், ஒன்றுகூட வானில் சிதறவில்லை. 1968 ஏப்ரலில் அப்பல்லோ 6 பயணத்தில் ராக்கெட் நெடுக்குவாட்டில் குலுங்கி, இரண்டாம் நிலையில் இரண்டு எஞ்சின்கள் முன்கூட்டியே நின்றுபோயின. அப்படியும் சுற்றுப்பாதைக்குப் போய்விட்டது. ஆனால் அவர்களிடம் வெடிக்கவே இல்லை என்று சொல்லாதே. வெடித்ததெல்லாம் தரையில். சாட்டர்னின் முதல் நிலையில் இருந்த எஃப்-1 எஞ்சினுக்குள் எரிதல் தாறுமாறாக அதிர்ந்து, சோதனை மேடையிலேயே எஞ்சின்கள் நாசமாயின. அதற்கு அவர்கள் செய்த வைத்தியம் எனக்கு இன்றைக்கும் பிடித்தமான கதை. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் எரிகலனுக்குள் வேண்டுமென்றே ஒரு சிறு குண்டை வெடிக்கவைப்பார்கள். அந்த அதிர்வு தானாக அடங்குகிறதா, வளர்கிறதா என்று பார்ப்பார்கள். எரிபொருளைப் பீய்ச்சும் தட்டில் தடுப்புகளை மாற்றி மாற்றிப் பொருத்தி, குண்டு வெடித்தாலும் கண் இமைப்பதற்குள் அடங்கிவிடும் எஞ்சின் கிடைக்கும்வரை விடவில்லை.

அதே காலத்தில் சோவியத்தின் நிலா ராக்கெட்டான என்-1 வேறு வழியில் போனது. முதல் நிலையில் 30 எஞ்சின்கள். ஒரு முறை இயக்கினால் மறுபடி பயன்படுத்த முடியாத வால்வுகள் அவற்றில் இருந்தன. அதனால் ஒவ்வொரு தொகுப்பிலும் சிலவற்றை மட்டும் எரித்துப் பார்த்துவிட்டு, எரிக்காத மற்றவற்றை ராக்கெட்டில் மாட்டினார்கள். முழு முதல் நிலையைத் தரையில் கட்டிவைத்து இயக்கிப் பார்க்கும் மேடையும் கிடையாது. 1969 முதல் 1972 வரை நான்கு முறை ஏவினார்கள், நான்கும் தோல்வி. இரண்டாவது, ஏவுதளத்தின் மேலேயே விழுந்து தளத்தையும் அழித்தது. பறக்கவிட்டுப் பார்ப்போம் என்பது நேற்று முளைத்த தத்துவம் இல்லை மாப்ளே. அதைச் செய்து தோற்றவர்களும் உண்டு.

அதனால் வெடித்ததா இல்லையா என்று நான் பார்ப்பதில்லை. எதைச் சோதிக்கப் போனார்களோ அதில் உடைந்ததா, அதற்கு முன்பே வேறு எதிலாவது உடைந்ததா என்றுதான் பார்க்கிறேன். இந்த ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டால் ஸ்டார்ஷிப் கதை உனக்கும் எனக்கும் பொதுவாகிவிடும். பாதி இடத்தில் நீ சொல்வது சரி, பாதி இடத்தில் இல்லை.

முதல் பயணம் நடந்த 2023 ஏப்ரல் 20-ஐ எடுத்துக்கொள். 33 ராப்டர் எஞ்சின்களின் நெருப்பு தளத்தின் கான்கிரீட்டைப் பெயர்த்து எறிந்தது. பாளம் பாளமாகக் கடலிலும் மணலிலும் போய் விழுந்தது. மேலே போன ராக்கெட் கட்டுப்பாடு இழந்து கரணம் அடிக்கிறது. தன்னைத்தானே அழித்துக்கொள்ளச் சொல்லிக் கட்டளை போகிறது. அது உடைய 40 விநாடி ஆகிறது. தண்ணீர் பீய்ச்சும் எஃகுத் தட்டு ஒன்று அப்போதே தயாராகிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை காத்திருக்காமல், கான்கிரீட் ஒரு தடவைக்குத் தாங்கும் என்று ஏவினார்கள். இதில் புதிதாக என்ன கற்றார்கள்? நெருப்பு கான்கிரீட்டைத் தின்னும் என்பதையா? இந்த இடத்தில் உன் கோபம் முழுக்க நியாயம். அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு 63 திருத்தங்களைப் பட்டியல் போட்ட பிறகுதான் விஷயம் நகர்ந்தது.

ஆனால் 2024 ஜூன் 6, நான்காவது பயணம், வேறு ரகம். வீடியோ கிடைத்தால் கடைசி இருபது நிமிடத்தை மட்டும் பார். ராக்கெட்டின் மேல் பகுதியான கப்பல் வளிமண்டலத்துக்குள் இறங்குகிறது. பக்கத்துச் சிறகின் கீல் அருகே கேமரா. முதலில் இளஞ்சிவப்பாக ஓர் ஒளி, பிறகு ஆரஞ்சு. சிறகின் விளிம்பு சிவந்து, துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து பறக்கிறது. லென்ஸ் விரிசல் விட்டுப் புகை படிந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் ஓர் ஓரத்தின் வழியாகத்தான் பார்க்க முடிகிறது. இனி முடிந்தது என்று நினைக்கும்போது, பாதி வெந்துபோன அந்தச் சிறகு அசைகிறது! கட்டளை வந்திருக்கிறது, கேட்கிறது. கப்பல் நிமிர்ந்து, எஞ்சினைப் பற்றவைத்து, இந்தியப் பெருங்கடலில் மெதுவாக இறங்கியது. குறித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தள்ளி.

இதை எந்த ஷாப்பில் வைத்துச் சோதிப்பாய்? 9 மீட்டர் விட்டமுள்ள எஃகு உருளையை, மணிக்கு 26,000 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில், உண்மையான காற்றில் இறக்கிப் பார்க்கும் மேடை பூமியில் இல்லை. அந்தப் பயணத்தில் வெப்பத்தைத் தடுக்கும் ஓடுகளில் இரண்டை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, அங்கே எவ்வளவு சூடேறுகிறது என்று அளந்தார்கள். கீல் இடுக்கில் வெப்பம் நுழைகிறது என்று கண்கூடாகத் தெரிந்தது. அடுத்த வடிவத்தில் முன் சிறகுகள் சிறிதாகி, நேரடி வெப்பம் படாத பக்கமாக நகர்ந்திருந்தன. சோதிக்கப் போன இடத்திலேயே உடைந்தது, அதற்கு விடையும் கிடைத்தது. கைதட்டினால் தட்டட்டுமே.

ஏவுதளக் கோபுரம், திரும்பி வந்த பூஸ்டரை, அதாவது ராக்கெட்டின் கீழ்ப் பகுதியை, பிடித்ததைப் பற்றி நீயே எழுதியிருந்தாய், அதனால் நீட்டவில்லை. 71 மீட்டர் உயரமுள்ள ஒன்றை இரண்டு கைகள் அந்தரத்தில் ஏந்திக்கொண்டன. 2024 அக்டோபர் 13. பூஸ்டரைத் திருப்ப உதவும் வலைச் சிறகுகளைத்தான் கைகள் பிடிக்கின்றன என்று எழுதியிருந்தாய். அப்படித்தான் தோன்றும். எடையைத் தாங்குவது அவற்றுக்குக் கீழே துருத்தி நிற்கும் இரண்டு சிறு முளைகள். அன்றைக்கு இன்னும் ஒரு நொடி தவறியிருந்தால், பூஸ்டரே கோபுரத்தை விட்டு விலகித் தரையில் மோதிக்கொள்ளும்படி ஆகியிருக்கும் என்று பிறகு வெளிவந்த ஒலிப்பதிவில் அவர்கள் ஆளே நிறுவனத் தலைவர் மஸ்க்கிடம் சொல்கிறார். கைதட்டியவர்களில் எத்தனை பேருக்கு அது அப்போது தெரிந்திருக்கும்!

இப்போது 2025-க்கு வா. நம் இருவருக்கும் சண்டை இல்லாத வருஷம் இது. ஜனவரி 16, ஏழாவது பயணம்: புதிய வடிவக் கப்பல் மேலே ஏறும்போதே போயிற்று. தரைச் சோதனையில் கண்டதைவிடப் பல மடங்கு பலமான அதிர்வு குழாய்களைத் தாக்கி, எரிபொருள் கசிந்து, எஞ்சின்களுக்கு மேலே தீப்பிடித்தது. சிதறல்கள் டர்க்ஸ் அண்ட் கேகோஸ் தீவுகளின் மேல் விழுந்தன. அந்த வழியாக வந்த பயணி விமானங்கள் சுற்றிக்கொண்டும் திசை மாறியும் தவித்தன. சரி, இனி தெரிந்துவிட்டது என்று அடுத்த கப்பலைத் தரையில் 60 விநாடி ஓட்டிப் பார்த்தார்கள். மார்ச் 6 அன்று ஏவினார்கள். அதுவும் ஏறக்குறைய அதே கட்டத்தில் போயிற்று. காரணம் இந்த முறை வேறு, ஓர் எஞ்சினின் உள்ளேயே கோளாறு என்றார்கள். மே 27 அன்று ஒன்பதாவது: ஏற்கெனவே பறந்த பூஸ்டரையே மறுபடி பறக்கவிட்டார்கள், 33 எஞ்சின்களில் 29 பழையவை. அது ஒரு சாதனைதான். ஆனால் கப்பலுக்குள் தொட்டி அழுத்தத்தைக் காக்கும் பாகம் ஒன்று உடைந்து, கசிவால் அது சுழன்று, கட்டுப்பாடின்றி எரிந்தது.

இந்த மூன்றிலும் வெப்பக் கவசத்தைப் பற்றி ஒரு வரிகூடப் புதிதாகத் தெரிந்துகொள்ள முடியவில்லை. அதைத்தானே சோதிக்கப் போனார்கள்? இறங்கும் கட்டத்துக்கு முன்பே கப்பல் உடைந்தால் இறங்குவதைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? நஷ்டம் என்று நான் கணக்கு வைப்பது எரிந்துபோன எஃகை அல்ல. எஃகு மலிவு. நடக்காமலே போன சோதனைகள்தான் நஷ்டம். டேட்டா கிடைத்தது என்று அந்த மாதங்களில் அவர்கள் சொன்னபோது எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஜூன் 18 அன்று நடந்ததை நீ கவனிக்கவில்லை போலிருக்கிறது, உன் கடிதத்தில் இல்லை. உன் இலாகா அது. சோதனை மேடையில் நின்றிருந்த கப்பல், எஞ்சினைப் பற்றவைக்கும் முன்பே, நின்ற இடத்தில் வெடித்தது. மூக்குப் பகுதியில் இருந்த நைட்ரஜன் கலன் ஒன்று, மேலே கார்பன் இழை சுற்றியது. சோதனை அழுத்தத்தைவிடக் குறைவான அழுத்தத்திலேயே விட்டுப்போயிற்று என்பதுதான் முதலில் வந்த தகவல். கண்ணுக்குப் படாத சேதம் இருந்திருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். நீ ஹைட்ரோ டெஸ்ட்டுக்கு ஏன் தண்ணீரை நிரப்புகிறாய் என்று புதுசாக வருகிற பையன்களுக்குச் சொல்வாயே, காற்றை நிரப்பினால் வெசல் விடும்போது அது வெடிகுண்டு என்று, அதேதான்.

எனக்கு உறுத்துவது இதுதான். இதே நிறுவனத்துக்கு அழுத்தக் கலன் விவகாரம் இது முதல் தடவை இல்லை. 2015 ஜூனில் அவர்களுடைய பால்கன் 9 ராக்கெட் ஒன்று, ஹீலியம் கலனைப் பிடித்திருந்த முட்டு உடைந்து வானில் சிதறியது. தாங்க வேண்டிய விசையில் ஐந்தில் ஒரு பங்குக்கே அந்த முட்டு உடைந்தது என்றார்கள். 2016 செப்டம்பரில் இன்னொன்று ஏவுதளத்திலேயே எரிந்தது. அதில் கலனின் உள் உலோகத்துக்கும் மேல் சுற்றுக்கும் இடையே ஆக்சிஜன் புகுந்து மாட்டிக்கொண்டது. மூன்றுக்கும் காரணம் வேறுவேறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மூன்றாவது முறையும் விபத்து கலன் பக்கமிருந்தே வந்தால், நீயாக இருந்தால் யாரையாவது உட்காரவைத்துக் கேள்வி கேட்டிருப்பாய்.

பிறகு ஆகஸ்ட் 26-இலும் அக்டோபர் 13-இலும் பறந்த இரண்டும் நன்றாகவே போயின. போலிச் செயற்கைக்கோள்களை வெளியே தள்ளி, எஞ்சினை விண்வெளியில் மறுபடி பற்றவைத்து, இந்தியப் பெருங்கடலில் இறங்கின. ஆகஸ்ட் கப்பல் துருப்பிடித்த மாதிரி ஆரஞ்சாக இறங்கியதே, பார்த்தாயா? சோதனைக்காகப் பொருத்தியிருந்த உலோக ஓடுகள் ஆக்சிஜனோடு சேர்ந்து நிறம் மாறியதால் அப்படி. பார்க்க அசிங்கம், ஆனால் உலோக ஓடு சரிப்படாது என்று ஒரே பயணத்தில் தெரிந்துவிட்டது. நவம்பர் 21 அன்று மூன்றாம் வடிவத்தின் முதல் பூஸ்டர், எஞ்சின்கூட மாட்டாத நிலையில், வாயு அழுத்தச் சோதனையில் பக்கவாட்டில் பிளந்துகொண்டது. மறுபடி அழுத்தம்!

எதிர்முகாமில் ப்ளூ ஆரிஜின் உன் பாணி. வருஷக்கணக்காகத் தரையில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, 2025 ஜனவரியில் நியூ க்ளென் ராக்கெட்டை ஏவினார்கள். முதல் தடவையே சுற்றுப்பாதை. பூஸ்டர் மட்டும் திரும்பவில்லை. நவம்பர் 13 அன்று இரண்டாவது முயற்சியில் கடலில் நின்ற கப்பலின் மேல் அதுவும் இறங்கிவிட்டது. நீ இதைச் சொல்லி என்னை மடக்குவாய் என்று தெரியும், முந்திக்கொள்கிறேன். அவர்களுடைய மேல் நிலை ஒவ்வொரு முறையும் தூக்கியெறியப்படுகிறது. பால்கன் 9-இலும் அப்படித்தான்; கீழ் பூஸ்டர்களில் சில 30 தடவைக்கு மேல் பறந்துவிட்டன, மேல் நிலை ஒன்றுகூட இரண்டாம் முறை பறந்ததில்லை. சுற்றுப்பாதை வேகத்திலிருந்து பெரிய கலம் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்து திரும்பத் திரும்ப ஓட்டியது நாசாவின் ஷட்டில் மட்டும்தான். அதன் 24,000-க்கு மேற்பட்ட ஓடுகளை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, மாற்றி, ஒட்டி... மாதக்கணக்கில் ஆகும். இறங்கிய கப்பலைக் கழுவித் துடைத்து மறுநாள் ஏவுவேன் என்பவர் முன்னால் இருக்கும் சுவர் அதுதான். கோபுரத்தில் பிடிப்பது இல்லை.

அதனால் அடுத்த பயணங்களில் தீப்பிழம்பை நீ பார்க்க வேண்டாம். கப்பல் முழுசாகத் திரும்பி வந்தால், அதன் எத்தனை ஓடுகளை மாற்றினார்கள், எத்தனை நாளில் மறுபடி பறந்தது என்று பார். அந்த இரண்டு எண்ணும் வெளிவரும்வரை கைதட்டலையும் நம்பாதே, சாபத்தையும் நம்பாதே.

உன்னிடம் ஒரு வேலை. ஜூன் வெடிப்புக்குப் பிறகு கலன்களில் அழுத்தத்தைக் குறைத்தார்கள், மேலே உறை போட்டார்கள், சேதம் செய்யாமல் சோதிக்கும் புது முறை ஒன்றையும் சேர்த்தார்கள். கார்பன் இழைக்கு அடியில், வெளியே கீறல்கூடத் தெரியாமல், ஒரு ஸ்பானர் விழுந்த அடி இருக்கிறது என்று வைத்துக்கொள். அல்ட்ராசோனிக்கில் மாட்டுமா, அழுத்தம் ஏற்றும்போது இழை அறும் சத்தத்தைக் கேட்பதுதான் வழியா? நீ எந்த டெஸ்ட் போட்டு, எத்தனை அழுத்தம் வரைக்கும் கையெழுத்து வைப்பாய் என்று விவரமாக எழுது. படம் போட்டு அனுப்பினால் இன்னும் நல்லது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்
பழைய ஹாஸ்டல் ரூம்மேட்