கொதிநீர் கேட்கும் பசுந்தேயிலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான பசுந்தேநீர் பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். பசுந்தேயிலையின் மீது கொதிநீரை ஊற்றக் கூடாது, சற்று ஆறவைத்த வெந்நீரே ஏற்றது என்று அதில் சொல்லப்பட்டிருந்தது செஞ்சா, கியோக்குரோ என்னும் வறுக்காத ஜப்பானியப் பசுந்தேயிலை வகைகளுக்கு முற்றிலும் சரியே. ஆனால் ஜப்பானிய வீடுகளில் உணவுக்குப் பின்னும் இரவிலும் அருந்தப்படும் ஹோஜிச்சா என்னும் வறுத்த பசுந்தேயிலைக்கு அந்த விதி பொருந்தாது. நானும் அதே விதியை நம்பி, 70 டிகிரி நீரில் அதை ஊறவைத்து, மணமே எழாத பழுப்பு நீரைக் குடித்துவிட்டு, இரண்டு ஆண்டுகள் அந்தத் தேயிலையை ஒதுக்கி வைத்திருந்தவன். மற்றவர்களுக்கு அந்த இழப்பு நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

செஞ்சாவில் கொதிநீர் பட்டால் துவர்ப்பைத் தரும் கேட்டகின்களும் கசப்பைத் தரும் காஃபீனும் மிகுதியாக இறங்கி, தியானின் என்னும் அமினோ அமிலம் தரும் இன்சுவையை மறைத்துவிடும். ஹோஜிச்சாவிலோ அந்தக் கேட்டகின்களின் அளவு வறுக்கும்போதே குறைந்துவிடுகிறது. இலையிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் கடும் சூட்டில் வினைபுரிந்து, பைரசின்கள் எனப்படும் மணப்பொருள்களைப் புதிதாக உண்டாக்குகின்றன. இந்தத் தேநீரின் உயிர் அந்த மணத்தில்தான் இருக்கிறது. அதை எழுப்பப் பொங்கும் நீரே வேண்டும். ஒருவருக்கு 3 கிராம் இலை, 130 மில்லி லிட்டர் கொதிநீர், 30 நொடி, இவ்வளவே போதும். வறுத்த இலை எடை குறைந்து பருத்திருப்பதால், சற்றுத் தாராளமாகப் போட்டுவிட்டோமோ என்று தோன்றும் அளவே பெரும்பாலும் சரியாக இருக்கும். கெண்டியில் ஒரு சொட்டும் தங்காமல் வடித்துவிட வேண்டும். தங்கும் நீர் அடுத்த முறை ஊற்றுவதைக் கெடுத்துவிடும்.

ஹோஜிச்சாவுக்கு ஒரே சுவைதான் என்று எண்ணுவதும் தவறு. 1920களில் கியோட்டோவில் இது உருவானபோது, எஞ்சிய முதிர் இலைகளையும் காம்புகளையும் வீணாக்காமல் வறுத்து விற்றதே தொடக்கம் என்பர். இன்றும் எதை வறுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே சுவை அமைகிறது. பஞ்சா எனப்படும் முதிர்ந்த இலையை வறுத்தால் உலர்ந்த மரத்தையும் வறுத்த பார்லியையும் நினைவூட்டும் தெளிவான, இலேசான சுவை கிடைக்கும். கானசாவா நகரின் காகா போச்சா என்னும் வகை, காம்புகளை மட்டுமே வறுத்துச் செய்யப்படுவது; காம்பில் தியானின் மிகுந்திருப்பதால், சிவக்கக் காய்ந்த பாகு போன்ற இனிப்பு மணம் அதில் முந்தி நிற்கிறது, விழுங்கிய பின்னும் நாக்கில் வெகுநேரம் தங்குகிறது. என் மனம் எப்போதும் அதன் பக்கமே சாயும். கியோட்டோவின் கியோபஞ்சா என்னும் வகை இவற்றிலிருந்து வெகுதூரம் விலகியது. ஆவியில் வெந்த இலையைச் சுருட்டாமல் அப்படியே உலர்த்திக் கடுமையாக வறுப்பதால், சருகு எரியும் புகைமணம் அதில் வீசும். முதல் மிடறில் முகம் சுளிப்பவர்கள்கூட மூன்றாம் நாள் அதையே தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

வறுத்ததால் காஃபீன் அறவே நீங்கிவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. குறைவு என்பது உண்மை. இல்லை என்பது உண்மையன்று. பால் சேர்த்து அருந்த விரும்புவோர் ஆழமாக வறுத்ததையே தேர்ந்தெடுக்க வேண்டும், இலேசாக வறுத்தது பாலில் காணாமல் போய்விடும்.

வறுத்த மணம் விரைவில் அடங்கிவிடும் என்பதால், சிறிய பொட்டலமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, திறந்த ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. ஜப்பானில் சில தேயிலைக் கடைகள் வாசலிலேயே வறுத்துத் தெருவெல்லாம் மணக்கச் செய்வதன் காரணமும் இந்தப் புதுமணமே. வீட்டில் பழையதாகிப்போன செஞ்சா இருந்தால், எண்ணெய் படாத வாணலியில் சிறுதீயில் குலுக்கிக்கொண்டே வறுத்து, நிறம் பழுப்பாகி மணம் எழுந்த உடனே இறக்கிவிடலாம். அங்கே இதற்கென்றே ஹோரோக்கு என்ற மண்சட்டி உண்டு. அதன் கைப்பிடி உள்ளீடற்றது, வறுத்த இலையை அதன் வழியே நேராகக் கெண்டியில் கொட்டிவிடலாம்.

பசுந்தேநீர் குறித்துத் தாங்கள் மீண்டும் எழுதும்போது, ஹோஜிச்சாவுக்குரிய நீரின் சூட்டைத் தனியே குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்