செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025: தொட்டியிலும் பையிலும் காய்கறி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். தருமபுரி நகரின் மாடிகளிலும் முற்றங்களிலும் காய்கறி வளர்ப்போரின் சங்கமாகிய நமது சங்கம் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடியச் செய்த பணிகளை இவ்வறிக்கையில் முன்வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார் என்பதால் நான் அதற்குள் செல்லவில்லை.

இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தக்காளிக்காகவே வந்தார்கள். பாலக்கோட்டிலும் இராயக்கோட்டையிலும் தக்காளி லாரி ஏறுகிற பகுதியில் இருந்துகொண்டு பையில் தக்காளி வளர்ப்பானேன் என்று வெளியூர் உறவினர்கள் கேட்பதுண்டு. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய விலை அந்தக் கேள்விக்கு ஒருவகையில் விடை சொன்னது. ஆனால் அந்த விலையை மனத்தில் வைத்துத் தொடங்குகிறவரே முதலில் கைவிடுகிறவராகவும் இருக்கிறார் என்பதை நான் வருத்தத்துடன் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. விதை போட்ட நாளிலிருந்து தக்காளிப் பழம் கைக்கு வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். சிறுகீரையோ 25 நாளில் கடைசலுக்கு வந்துவிடும், வெண்டை 45 நாளில் முதல் பறிப்பைத் தரும். ஆகவே புதியவர் ஒருவர் முதல் பட்டத்தில், அதாவது முதல் விதைப்புப் பருவத்தில், ஐந்து கொள்கலன்களுக்கு மேல் வைக்க வேண்டாம் என்றும், அவற்றில் இரண்டு கீரைக்கும் இரண்டு வெண்டைக்கும் ஒன்று மிளகாய்க்கும் போதும் என்றும், தக்காளியை இரண்டாம் பட்டத்துக்குத் தள்ளலாம் என்றும் செயற்குழு தீர்மானித்தது. இத்தீர்மானத்தால் சிலருக்கு என்மீது வருத்தம் உண்டு என்பதை அறிவேன்.

ஆண்டு முழுவதும் உறுப்பினர் வீடுகளுக்குச் சென்று பார்த்ததில், செடிக்கு வந்த கேடுகளில் பெரும்பங்கு செடியில் தொடங்கவில்லை. பையில் நிரப்பியதிலும் ஊற்றிய தண்ணீரிலுமே தொடங்கியது. எனவே இவ்விரண்டையும் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது எடை. 30 சென்டிமீட்டர் அகலமும் அதே உயரமும் உள்ள வட்டப் பை ஒன்று ஏறக்குறைய 21 லிட்டர் கொள்ளும். அதில் தோட்டத்துச் செம்மண்ணை மட்டும் நிரப்பி நனைத்தபோது, சங்கத்தின் தொங்கு தராசு 38 கிலோ காட்டியது. செம்மண், ஊறவைத்த தென்னை நார்க்கழிவு, தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பியபோது 24 கிலோதான் காட்டியது. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவிலான சுமையைக் கணக்கில் கொண்டே பொறியாளர்கள் தளம் வடிவமைக்கிறார்கள். இடைவெளி விடாமல் அடுக்கினால் ஒரு சதுர மீட்டரில் ஒன்பது பைகள் நிற்கும் என்பதால், மண் பையானால் 342 கிலோவும் கலவைப் பையானாலும் 216 கிலோவும் அங்கே ஏறிவிடும். எனவே சதுர மீட்டருக்கு நான்கு பை என்ற அளவோடு நிறுத்திக்கொண்டு, கனமான தொட்டிகளைச் சுவருக்கும் உத்தரத்துக்கும் நேர் மேலே வைக்குமாறு வேண்டினோம். பழைய வீடுகளில் இருப்போர் கொத்தனாரிடம் கேட்பதோடு நில்லாமல் பொறியாளர் ஒருவரைப் பார்க்கச் சொல்வது நல்லது. பைக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்துவதும் அவசியம். நான் அப்படிச் செய்யாததால் என் வீட்டுத் தளம் ஓரிடத்தில் ஓதமேறி, கீழ்வீட்டாருக்கு வெள்ளையடித்துக் கொடுக்க நேர்ந்தது.

நார்க்கழிவு கிடைப்பதில் நமக்குக் குறையில்லை. பக்கத்திலேயே போச்சம்பள்ளி, அரசம்பட்டிப் பகுதி தென்னைக்குப் பெயர் பெற்றது. 5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் 60 லிட்டருக்கு மேல் பூரித்து வரும். ஆனால் அதில் உப்பு இருக்கும் என்பதால், ஒருமுறைக்கு இருமுறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். மக்காத நார்க்கழிவைத் தனியாகவே நிரப்பினால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை எடுத்துக்கொண்டு செடியை வெளிற வைத்துவிடும். கலவையுடன் பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும், அழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி சிறிதும் சேர்த்து, பத்து நாள் ஈரத்தோடு ஆறவிட்டு நட்டவர்களின் நாற்றுகள் அழுகல் இல்லாமல் எழுந்தன.

அடுத்தது தண்ணீர். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதும், அதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது என்பதும் எல்லாரும் அறிந்தவை. போர்வெல் தண்ணீரையே நம்பியிருக்கும் வீடுகளில் ஆர்.ஓ. கருவி வைத்திருக்கிறார்கள். அக்கருவி ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு, மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே தள்ளுகிறது. அதை வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றிய உறுப்பினர்கள் பலர். கருவி வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அந்தக் கழிவு நீரில்தான் செறிந்திருக்கிறது. நிலத்தில் ஊற்றினாலாவது அது பரவிப் போகும். பையில் ஊற்றினால் நீர் மட்டும் ஆவியாகி உப்பு அப்படியே தங்கிவிடும். இலையோரம் கருகுவதும், பையின் விளிம்பில் வெள்ளை பூப்பதும் அதன் அடையாளங்கள். நோய் என்று எண்ணி மருந்து தெளித்தவர்களும், சத்துக் குறைவு என்று எண்ணி மேலும் உரமிட்டவர்களும் நிலைமையை இன்னும் மோசமாக்கினார்கள். கழிவு நீரை வீடு கழுவ வைத்துக்கொண்டு, செடிக்கு மழைநீரையோ காவிரி நீரையோ தருமாறும், போர்வெல் நீரைத் தவிர்க்க முடியாதவர்கள் மாதம் ஒருமுறை பையின் அடித் துளை வழியே தாராளமாக வழியும்படி நல்ல நீர் விட்டு உப்பைக் கழுவுமாறும் கேட்டுக்கொண்டோம். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே ஓரளவு மழை தருகிற ஊர் நம்முடையது. மாடி மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்துவைக்காதிருப்பதற்கு நியாயம் இல்லை.

தண்ணீரின் அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு நாள் மறந்துவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றுகிற வீடுகளில்தான் தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அமுங்கியது. அது பூச்சியோ பூஞ்சையோ அன்று. ஈரம் சீராக இல்லாததால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராமையே காரணம். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் காலையில் ஊற்றுவது என்ற பழக்கம் போதுமானது.

பட்டத்தைப் பொறுத்தவரை, ஆடிப்பட்டத்திலும் தைப்பட்டத்திலும் தொடங்கியவர்கள் பயன் கண்டார்கள். சித்திரையில் ஆர்வத்தோடு தொடங்கியவர்களுக்குக் கான்கிரீட் தளத்தின் அனல் எதிரியாயிற்று. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் குளிராவிட்டால் தக்காளிப் பூ பிஞ்சாகாமல் உதிரும். 50 சதவீத நிழல்வலை கட்டியவர்கள் செடியைக் காப்பாற்றினார்களே தவிரக் காயைப் பார்க்கவில்லை. கோடையில் கீரையோடும் வெண்டையோடும் நிறுத்திக்கொள்வதே விவேகம் என்பது என் கருத்து. வெண்டையிலும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் கண்ட செடியை இரக்கம் பாராமல் பிடுங்கிவிட வேண்டும். அதைப் பரப்பும் வெள்ளை ஈக்கு, லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளித்தால் ஓரளவு அடங்கும். நோய் கண்ட செடி எதனாலும் தேறாது.

ஐப்பசியில் நடத்திய மாலைக் கூட்டம் இவ்வாண்டின் நிகழ்ச்சிகளில் எனக்கு மிகவும் மனநிறைவு தந்தது. பீர்க்கங்கொடி பந்தல் நிறையப் பூத்தும் பிஞ்சு வெம்பி விழுகிறது என்று வருந்திய உறுப்பினர் ஒருவரின் மாடியில், மாலை ஐந்தரை மணிக்கு எல்லாரும் கூடினோம். பீர்க்கும் சுரையும் சாயங்காலத்தில் மலர்பவை. பூசணியும் பாகலும் காலையில் மலர்பவை. மாடி உயரத்துக்கு அந்நேரம் வண்டு வராவிட்டால், ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, அடியில் குட்டிப் பிஞ்சோடு இருக்கும் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவினால் போதும். அங்கேயே அனைவரும் செய்து பார்த்தார்கள். பத்து நாள் கழித்து அதே வீட்டிலிருந்து பீர்க்கங்காய்த் துவையல் சங்கத்துக்கு வந்து சேர்ந்தது.

விதையில் ஒரு பிழை நடந்தது. அதற்கு நானே பொறுப்பு. ஆடியில் சங்கத்துக்காகக் கடையொன்றில் மொத்தமாக வாங்கிய வெண்டை விதைப் பொட்டலங்களின் காலாவதித் தேதியைப் பார்க்காமல் பங்கிட்டுவிட்டேன். முளைத்தது சொற்பம். இனி எந்த விதையானாலும் பத்தை எடுத்து ஈரத்துணியில் முடிந்துவைத்து, ஏழேனும் முளைத்தால்தான் பங்கிடுவது என்று முறை வகுத்திருக்கிறோம். விதைப் பரிமாற்றத்துக்குக் கொண்டுவருவோர் நாட்டு ரகங்களையே கொண்டுவர வேண்டும். வீரிய ஒட்டு ரகத்தின் விதை அடுத்த முறை தாயைப்போல் காய்ப்பதில்லை.

வரும் ஆண்டில் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்துக்கும் உறுப்பினர்களை அழைத்துச் செல்லவும், பையூர் 1 என்ற தக்காளி ரகத்தை நிலத்தில் அல்லாமல் பையில் வைத்துப் பார்க்கவும் செயற்குழு ஒப்புதல் கோருகிறது. ஆடிப்பட்டத்துக்கு முன்பு ஒவ்வொரு புதிய உறுப்பினர் மாடியிலும் பை எடை பார்க்க வேண்டியிருப்பதால், மாசி மாதத்தில் தொங்கு தராசை எடுத்துச் சென்ற உறுப்பினர் அன்புகூர்ந்து அதைப் பொருளாளர் வீட்டில் ஒப்படைக்குமாறு வேண்டுகிறேன்.

இவண்,
செயலாளர்,
தருமபுரி