"குறை ஒன்றும் இல்லை" என்று திருப்பி அனுப்பப்படும் கார்கள்: வன்னியிலிருந்து ஒரு கூட்டு முறைப்பாடு

அனுப்புநர்: கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் கார் உரிமையாளர்களும் அவற்றைத் திருத்தும் கராஜ்காரர்களும்

பெறுநர்: முகாமையாளர், விற்பனைக்குப் பின்னான சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம், கொழும்பு

விடயம்: தங்கள் 800 சிசி காரின் எஞ்சின் சூடேறுதல், முன்பக்க லோவர் ஆம் (முன்சில்லைத் தாங்கும் கீழ்க்கை) தேய்வு, பிறேக் குழாய்த் துரு, உத்தரவாத மறுப்பு

ஐயா/அம்மணி,

தங்கள் நிறுவனம் விற்ற மூன்று சிலிண்டர் சிறிய காருக்கு வன்னியில் பெயர் கெட்டுப்போய்விட்டது. கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ இந்தக் காரை விற்கப் போனால், வாங்க வருபவர் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று கேட்பதற்கு முன்னரே "ஹெட் இறக்கினதோ?" என்றுதான் கேட்கிறார். ஹெட் என்பது எஞ்சினின் மேல்பகுதி; சூடேறிக் கெட்டால் அதைக் கழற்றித் திருத்துவதைத்தான் "இறக்குவது" என்கிறோம். இறக்கியது என்றால் பேச்சு அத்தோடு முடிகிறது.

விலை மலிவான கார் என்பதால் இந்தப் பெயர் வரவில்லை. பெற்றோல் குறைவாகக் குடிக்கிறது, எஞ்சினின் கீழ்ப்பகுதி உறுதியானது, கிராங்க் பழுதாகிக் கராஜுக்கு வருவது அரிது. ஆசிரியர்களும் தாதியரும் கமக்காரரும் லீசிங்கில் எடுத்து நம்பி ஓடிய கார் இது. மூன்று நான்கு இடங்களில் உள்ள பலவீனமும், அதைச் சொல்லி வரும்போது தங்கள் முகவர்கள் தரும் பதிலும்தான் பெயரைக் கெடுத்தன. அந்தப் பலவீனங்கள் எவை, ஏன் வருகின்றன என்பதை விவரமாக எழுதுகிறோம். இவை எல்லாமே திருத்தக்கூடியவை.

முதலாவதும் பெரியதும் சூடேறுதல். வரிசை எப்போதும் ஒன்றுதான். ஏ9 வீதியில் மணிக்கு 60, 70 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது கார் சூடேறாது. எதிர்க்காற்றே றேடியேற்றருக்குப் போதும். மாங்குளத்திலோ பரந்தனிலோ திரும்பி உட்கிராமத்துக் கிரவல் ரோட்டில் இறங்கி, ஏசியும் போட்டு, இருபது கிலோமீற்றர் வேகத்தில் போகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. அந்த வேகத்தில் காற்று வருவது அந்த ஒரேயொரு மின்விசிறியால் மட்டுமே. வைகாசி முதல் ஆவணி வரை அடிக்கும் வரண்ட காற்றில், முன்னால் ஒரு மணல் ரிப்பர் போனால், அந்தப் புழுதி முழுவதும் விசிறி மோட்டாருக்குள் போகிறது. மோட்டாரின் காபன் பிரஷ் தேய்ந்து விசிறி மெதுவாகச் சுற்றத் தொடங்கும். சுற்றுகிறதா என்று பார்த்தால் சுற்றும். இழுக்க வேண்டிய காற்றை இழுக்காது.

சூடேறுவதற்கு அடுத்த காரணம் வெளியே தெரியாத அடைப்பு. ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கும் றேடியேற்றருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளிகூட இல்லை. வீதியில் நெல் காயப்போடும் மாதங்களில் பதரும் தூசும் அந்த இடுக்கில் போய்ப் படிந்து, ஈரத்தோடு சேர்ந்து பாய் போல ஒட்டிக்கொள்கின்றன. முன்னால் கிறிலுக்குள் பார்த்தால் கண்டென்சர் சுத்தமாக இருக்கும். றேடியேற்றரின் மேல் பிறாக்கெற் இரண்டையும் கழற்றி எஞ்சின் பக்கம் சற்றுச் சாய்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். எஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கி, தகடு மடங்காத அளவு அழுத்தத்தில் காற்றோ தண்ணீரோ அடித்தால் அது கழன்று வரும். கால் மணி நேர வேலை. தங்கள் சேர்விஸ் அட்டவணையில் இந்த வேலை எங்கேயும் இல்லை.

மூன்றாவது காரணம், தண்ணீரின் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்ரற்றின் மூடியும் அதிலிருந்து பிரியும் தண்ணீர்க் குழாய் இணைப்பும் பிளாஸ்ரிக்கில் செய்யப்பட்டிருப்பது. சூடாகி ஆறிச் சூடாகி, பொருத்து விளிம்பில் மயிர்க்கோடு போல வெடிக்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒழுகாது, சூட்டில் மட்டும் ஆவியாகப் போகும். கீழே ஈரமும் இராது. மூடியின் அடியில் காய்ந்த வெண்படிவு மட்டும் தெரியும். அதைப் பார்த்துப் பழகியவர்தான் கண்டுபிடிப்பார். இந்தக் காரில் கூலன்ட் மொத்தமே நாலு லீற்றருக்குக் குறைவு. ஒரு லீற்றர் போனால் கால் பங்குக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம்.

இவ்வளவும் நடக்கும்போது ஓட்டுபவருக்கு ஒன்றுமே தெரியாது. டாஷ்போர்டில் வெப்பம் காட்டும் முள் இல்லை, ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான். சென்சரின் முனை தண்ணீருக்குள் தோய்ந்திருந்தால்தான் சூட்டைச் சரியாகச் சொல்லும். தண்ணீர் மட்டம் இறங்கிச் சென்சர் வெறும் காற்றில் நின்றால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் விளக்கு எரியாது. எரியும்போது ஹெட்டின் அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கெஸ்கற் போயிருக்கும், அலுமினிய ஹெட் வளைந்திருக்கும். செலவு மிச்சம் பிடிக்க முள்ளை எடுத்த இடம்தான் வாடிக்கையாளருக்கு ஆகப் பெரிய செலவைக் கொண்டுவருகிறது. தங்கள் பொறியியலாளர்கள் இந்த ஒரு பந்தியையாவது இரண்டு தரம் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இனி, இந்தக் குறையோடு போகும் காரைத் தங்கள் முகவர் எப்படிச் சோதிக்கிறார் என்று பாருங்கள். கொம்பியூட்டரைச் செருகுகிறார், பிழைக் கோட் ஒன்றும் இல்லை. தார் வீதியில் ஒரு சுற்று ஓட்டுகிறார், சூடேறவில்லை. வேலைத்தாளில் "குறை ஒன்றும் இல்லை" என்று எழுதித் திருப்பித் தருகிறார். குறை வரும் நிலைமையில் சோதிக்காமல் குறை இல்லை என்பது சோதனை ஆகாது. காரை நிறுத்தி வைத்து, ஏசியை முழுதாகப் போட்டு, அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, விசிறி எத்தனை பாகையில் தொடங்குகிறது, எவ்வளவு நேரத்தில் சூட்டை இறக்குகிறது, மோட்டார் எத்தனை அம்பியர் இழுக்கிறது என்று எழுதித் தரவேண்டும். றேடியேற்றர் மூடியையும் அழுத்தமானியில் போட்டுப் பார்க்க வேண்டும். மூடி 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கினால் தண்ணீர் ஏறத்தாழ 120 பாகை வரை கொதிக்காது. ரப்பர் இறுகிப்போன மூடியில் நூறிலேயே கொதிக்கும். சின்னச் சாமான், அதை மாற்றாமல் ஹெட் மாற்றிய கார்கள் உண்டு.

ஹெட் இறக்கும் வேலையும் சரியாக நடப்பதில்லை. கெஸ்கற்றை மட்டும் மாற்றி ஏற்றிவிடுகிறார்கள். சில மாதங்களில் மறுபடி அதே இடத்தில் போகிறது. ஹெட்டின் முகத்தில் நேர்விளிம்பு வைத்து, நான்கு பக்கமும் இரண்டு மூலைவிட்டமுமாக ஆறு திசையில், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான பீலர் கேஜ் செருகிப் பார்க்க வேண்டும், 0.05 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இருந்தால் சீவ வேண்டும். ஹெட் உட்காரும் எஞ்சின் பிளொக்கின் முகத்தையும் அப்படியே பார்க்க வேண்டும். அளவு எத்தனை வந்தது என்பது வேலைத்தாளில் இருக்க வேண்டும். இன்றுவரை எங்களில் எவருக்கும் அப்படி ஓர் அளவு எழுதித் தரப்படவில்லை.

"கிணற்றுத் தண்ணீர் விட்டீர்கள், அதனால் உத்தரவாதம் இல்லை" என்ற பதிலையும் அடிக்கடி கேட்கிறோம். வன்னிக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம், அது றேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களில் படியும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் கிணற்று நீர் விடக்கூடாது என்பது கைநூலில் ஆங்கிலத்தில் ஒரு வரியாக இருக்கிறது. தமிழில் கைநூல் தரப்படவில்லை. கார் ஒப்படைக்கும்போது ஒருவரும் சொல்லவும் இல்லை. சொல்லாத நிபந்தனையை மீறினார்கள் என்று கையை விரிப்பது நியாயம் அல்ல.

"உங்கள் பக்கம் ரோட்டு சரியில்லை, பராமரிப்பு சரியில்லை" என்பது இன்னொரு பதில். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் ஏ40 ஓட்டிய மண் இது. சாமானும் சரியான தகவலும் இருந்தால் எதையும் ஓட்டிக் காட்டும் மெக்கானிக்மார் இங்கே இருக்கிறார்கள். ரோட்டைப் பொறுத்தவரை, இந்தக் காரை எங்கள் ஊர்ப் பெயர்களில்தான் பதிந்து தந்தீர்கள். எங்கே ஓடப்போகிறது என்று தெரிந்தே விற்றீர்கள். அப்படியென்றால் கடும் பாவனைக்குரிய அட்டவணையை முதல் சேர்விஸிலேயே தந்திருக்க வேண்டும்: எஞ்சின் ஒயில் 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, எயார் பில்ரர் ஒவ்வொரு சேர்விஸிலும் திறந்து பார்ப்பது, பெட்டியின் ரப்பர் விளிம்பு இருக்கையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது. பில்ரருக்குப் பின்பக்கக் குழாயில் செம்புழுதி தெரிந்தால், அது பிஸ்ரன் றிங்கைத் தின்னத் தொடங்கிவிட்டது. பிறகு ஒயில் குறைகிறது, புகை வருகிறது, புகைப் பரிசோதனையில் கார் தவறுகிறது, வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாமல் நிற்கிறது.

முன்பக்க லோவர் ஆம் பற்றி. அதன் பின் ரப்பர் புஷ் கிழிவதும், சில்லுப் பக்க மூட்டான போல் ஜொயின்ற்றின் ரப்பர் வெடிப்பதும் கிரவல் ரோட்டில் எதிர்பார்க்கக்கூடியவை. அதற்காக நாங்கள் முறையிடவில்லை. முறைப்பாடு இரண்டு. ஒன்று, போல் ஜொயின்ற் தனியாக விற்கப்படுவதில்லை. இருபது நிமிட வேலைக்கு லோவர் ஆம் முழுவதையும் வாங்க வேண்டியிருக்கிறது. மற்றது, மாற்றும் முறை. தங்கள் முகவரின் இடத்தில் காரைத் தூக்கி, சில்லு தொங்கும் நிலையிலேயே புஷ் போல்ற்றை இறுதியாக இறுக்குகிறார்கள். கார் கீழே இறங்கியதும் அந்த ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே நிற்கும், விரைவில் கிழியும். சில்லில் பாரம் இறங்கிய பிறகுதான் இறுதி முறுக்கம் கொடுக்க வேண்டும். இது எந்தக் கராஜ் பெடியனுக்கும் தெரிந்த விடயம். புது ஆம் போட்டும் சில மாதங்களில் பிறேக் பிடிக்கும்போது ஸ்ரியரிங் ஒரு பக்கம் இழுப்பதற்கும், 145/80 ஆர்12 ரயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாவதற்கும் இதுதான் காரணம்.

பிறேக் குழாய் விடயத்தில் பொறுமை காட்ட முடியாது. முல்லைத்தீவுக் கரையோரத்தில், மாரியில் வட்டுவாகல் பாலத்தின் மேல் தண்ணீர் பாயும் நாட்களில் ஓடும் கார்களின் அடித்தளத்தில் உப்புச் சேறு ஒட்டுகிறது. தரையோடு போகும் உருக்குக் குழாயைப் பிடித்திருக்கும் பிளாஸ்ரிக் கிளிப்புக்கு உள்ளே அந்தச் சேறு தங்கி, மேற்பூச்சு உரிந்து, குழாய் பொருக்கு விடுகிறது. கிளிப்பைக் கழற்றாமல் பார்த்தால் தெரியாது. பிறேக்கின் இரண்டு எண்ணெய்ச் சுற்றுகளில் ஒன்று வெடித்தால் மூலைக்கு மூலையாக இரண்டு சில்லுகளில்தான் பிறேக் மிஞ்சும். இது உயிர் போகும் குறை. கரையோர உரிமையாளர்கள் எல்லோரையும் அழைத்து, கிளிப் கழற்றிச் சோதித்து, துருவிருந்தால் குழாயை இலவசமாக மாற்றித் தரவேண்டும்.

உத்தரவாதத்தைக் காப்பாற்ற அங்கீகரிக்கப்பட்ட இடத்தில்தான் சேர்விஸ் செய்ய வேண்டும் என்கிறீர்கள். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணத்து முகவரிடம் போக நூறு கிலோமீற்றருக்கு மேல். சூடேறும் காரை அவ்வளவு தூரம் ஓட்டிப் போவதே ஹெட்டைக் கொல்வது. கார் ஏற்றும் கரியரில் ஏற்றினால் அந்தச் செலவு எங்கள் தலையில். 2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் இந்தக் காரை விற்று வேறொன்று எடுக்கவும் வழி இருக்கவில்லை. கார் கராஜில் நின்றாலும் லீசிங் தவணை நிற்கவில்லை.

எனவே கேட்கிறோம். விசிறி மோட்டார், ரிலே, றேடியேற்றர் மூடி, தெர்மோஸ்ரற் மூடி, ஹெட் கெஸ்கற் செற், இடமும் வலமும் லோவர் ஆம் ஆகியவை கிளிநொச்சியில் ஒரு விற்பனையாளரிடம் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். தெர்மோஸ்ரற் மூடி அலுமினியத்தில் தரப்பட வேண்டும். ஏற்கெனவே விற்ற கார்களுக்கு, தண்ணீர் மட்டம் இறங்கினாலும் ஒலி எழுப்பும் எச்சரிக்கைக் கருவி ஒன்றை அசல் விலையில் பொருத்தித் தாருங்கள். மாதம் ஒருமுறை கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவு நகரங்களுக்கு நடமாடும் சேர்விஸ் வண்டி வரட்டும்; அதில் செய்யும் வேலை உத்தரவாதத்துக்கு ஏற்றதாகக் கணக்கிடப்பட வேண்டும். அல்லது எங்கள் ஊர்க் கராஜ்களில் இரண்டுக்காவது பயிற்சியும் முறுக்க அளவு அட்டவணையும் கொடுத்து அங்கீகாரம் தாருங்கள். கைநூலைத் தமிழில் தாருங்கள். உத்தரவாதம் மறுக்கப்பட்டால் காரணமும் எடுத்த அளவுகளும் எழுத்தில், முகவரின் கையொப்பத்தோடு தரப்பட வேண்டும். தொலைபேசியில் சொல்லும் பதிலை இனி ஏற்கமாட்டோம்.

இந்தக் கடிதம் கிடைத்து 21 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கான முறைப்பாடு, விற்பனையோ சேவையோ நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போக வேண்டும். ஆகவே அண்மையில் ஹெட் வேலை செய்யப்பட்ட கார்களின் உரிமையாளர்கள் அந்தத் தவணையைத் தவறவிட முடியாது. தங்கள் பதில் வராவிட்டால் அவர்கள் தனித்தனியாக முறைப்பாடு பதிவார்கள்.

தங்கள் பொறியியலாளர் ஒருவரை அனுப்பினால், சூடேறும் கார் ஒன்றையும், கிளிப் கழற்றிய பிறேக் குழாய் ஒன்றையும், வளைந்த ஹெட் ஒன்றையும் கிளிநொச்சியில் வைத்துக் காட்டத் தயாராக இருக்கிறோம். நாளைத் தாங்களே குறித்து அறிவியுங்கள்.

இப்படிக்கு,
கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டக் கார் உரிமையாளர்கள், கராஜ்காரர்கள் சார்பில்

இணைப்பு: வேலைத்தாள்கள், பற்றுச்சீட்டுகள், வெடித்த தெர்மோஸ்ரற் மூடிகளினதும் துருப்பிடித்த பிறேக் குழாய்களினதும் படங்கள்