மூடியைத் திறந்து பாருங்கள்

பாதுகாப்பு அமைச்சகத்தில் கொள்முதலைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் கோயம்புத்தூரில் தெர்மல் கேமராக்களைப் பழுது பார்க்கிறேன். ஆலைகளில் மோட்டார் சூடாவதைக் கண்டுபிடிக்கும் கேமராக்கள்தான் பெரும்பாலும் என்னிடம் வரும். போன மாதம் வந்த ஒன்றில் 'இந்தியத் தயாரிப்பு' என்று பளிச்சென்று ஸ்டிக்கர். நான்கு திருகைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். சென்சார் இருக்கும் பலகையின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. சூட்டில் அதன் ஓரம் உரிந்து, அடியில் சீன எழுத்து தெரிந்தது. நம் நாட்டில் செய்தது என்று பார்த்தால் அலுமினியப் பெட்டியும் கேபிளும்தான்.

சரி, அது ஆலைக் கேமரா. எல்லையில் ராத்திரிக் காவல் நிற்கும் பிள்ளையின் கையில் இருப்பதும் இப்படி இருந்துவிட்டால்? அந்த நினைப்புதான் இதை எழுத வைத்தது.

தெர்மல் கேமராவுக்கு வெளிச்சம் வேண்டாம், உடம்புச் சூட்டை வைத்தே ஆளைக் காட்டிவிடும். அந்த வெப்பக் கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டாது என்பதால் லென்ஸைப் பெரும்பாலும் ஜெர்மேனியம் என்ற தனிமத்தில் செய்கிறார்கள். உலகின் ஜெர்மேனியத்தில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. 2023 ஆகஸ்ட் முதல் அதை ஏற்றுமதி செய்ய அங்கே உரிமம் வாங்க வேண்டும். லென்ஸுக்குப் பின்னால் அந்தக் கதிரை உணரும் சென்சாரான டிடெக்டர், அப்புறம் படத்தைச் சீராக்கும் சிப். இந்த மூன்றும்தான் கேமரா. மற்றதெல்லாம் கூடு.

உங்கள் 2020 கொள்முதல் நடைமுறை, உள்நாட்டிலேயே வடிவமைத்துத் தயாரித்த பொருளுக்கு முதலிடம் தருகிறது. அதில் குறைந்தது 50 சதவீதம் உள்நாட்டுப் பங்கு வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் அது ரூபாய்க் கணக்கு. பெட்டி, தாங்கி, பேட்டரி, மென்பொருள் என்று கூட்டிக்கொண்டே போனால் சதவீதம் வந்துவிடும், கண் மட்டும் இரவலாகவே இருக்கும்.

அமெரிக்காவின் 2019 நிதியாண்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் 889ஆம் பிரிவு, ஹுவாவே, ஹிக்விஷன், தாஹுவா உட்பட 5 சீன நிறுவனங்களைப் பெயர் சொல்லித் தடுத்தது. அவர்களுடைய கருவி முக்கியப் பாகமாக உள்ளே இருந்தாலும் அரசு வாங்கக் கூடாது. அதனால் வேறு பெயர் ஒட்டி விற்கும் கேமராவும், உள்ளே ஹுவாவேயின் ஹைசிலிக்கான் சிப் இருந்தால் மாட்டிக்கொள்ளும். இங்கே 2025 பிப்ரவரியில், சீனப் பாகங்கள் காரணமாக 400 ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்களை நீங்களே ரத்து செய்தீர்கள். மனதார வரவேற்றேன். ஆனால் ஒப்பந்தம் போட்ட பிறகு நடக்க வேண்டிய வேலையா அது?

டெண்டரிலேயே லென்ஸ், டிடெக்டர், சிப் மூன்றும் எங்கே செய்தவை என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். சோதனைக்குக் கொண்டுவரும் மாதிரி எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும். அதனால் சப்ளை ஆன ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒன்றை நீங்களே எடுத்துத் திறந்து பாருங்கள். டேராடூனில் உங்கள் டிஆர்டிஓவின் ஐஆர்டிஇ ஆய்வகம் பல வருடமாக இந்தக் கருவிகளை வடிவமைக்கிறது, அரசு நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிக்கிறது. இங்கேயே டிடெக்டர் செய்ய முன்வருபவர்களுக்கு ஒரு வருட ஆர்டர் போதாது. பல வருடத்துக்கு உறுதி கொடுத்தால்தான் அந்த முதலீட்டில் இறங்குவார்கள்.

திறந்தால் கருவி வீணாகிவிடும் என்று தயங்க வேண்டாம். கவனமாகப் பிரித்ததைத் திரும்பப் பூட்டி, அளவு சரிபார்த்துப் பழையபடி வேலை செய்ய வைக்கலாம். நான் தினமும் செய்கிற வேலை அது.

இப்படிக்கு,
ஒரு பழுதுநீக்குநர், கோயம்புத்தூர்